சொன்னது போய்ச் சேர்ந்ததா?

(செஞ்சியில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில், பணி ஓய்வு பெற்ற வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பள்ளிக்கூடம் விட்ட கையோடு சீருடையிலேயே வந்து பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் இந்த மண்ணுக்காரன். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவன். சின்ன வயதில், நெல் ஏற்றிய வண்டியில், மூட்டைகளின் மேலே படுத்துக்கொண்டு செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு வந்திருக்கிறேன். பிழைப்பு என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனது. முப்பது ஆண்டுக்கு மேல் கட்டுப்பாட்டு அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முகம் பார்த்திராத மனிதர்களோடு பேசுவதே என் வேலையாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்கு வந்தபோது, களத்துமேட்டில் உட்கார்ந்து என் சித்தப்பா எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டார். பள்ளிக்கூடம் போகாதவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"ஏம்பா, நீ கீழ இருந்து சொல்ற. அவன் மேல போயிக்கினு இருக்கான். நீ சொன்னது அவனுக்குச் சேர்ந்துச்சா இல்லியான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவரு அதைத் திருப்பிச் சொல்லுவாரு சித்தப்பா" என்றேன். அதற்கு அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இந்தப் பேச்சின் நடுவில் சொல்கிறேன். ஏனென்றால் அந்த வார்த்தையின் அருமை எனக்கு விளங்கவே பல ஆண்டுகள் ஆயின. இன்று நான் பேசப்போவது முழுவதும் சித்தப்பாவின் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். நல்ல விமானம், தேர்ந்த விமானி, விழிப்பான கட்டுப்பாட்டாளர், எல்லாம் இருந்தும் சொன்ன சொல் போய்ச் சேராததால் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயிருக்கின்றன. அந்தச் சாவுகள் நமக்கு என்ன சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. வெளியே போய் மேற்கே பார்த்தால் ராஜகிரி நிற்கிறது. ஏறத்தாழ 800 அடி உயரம். நம்மில் முக்கால்வாசிப் பேர் மூச்சு வாங்க ஏறியிருக்கிறோம். வானத்தில் விமானங்கள் மோதாமல் இருக்க நாங்கள் நம்பும் கணக்கு 1000 அடி. ஒன்று 15,000 அடியில் வந்தால், அதே வழியில் எதிரே வருவது 14,000 அடியில் போகும். அந்த இடைவெளிக்குள் ராஜகிரியை அப்படியே தூக்கி வைத்தாலும் உச்சிக்கு மேலே இன்னும் 200 அடி மிச்சம் இருக்கும். கோட்டையோடு ஒரு மலையே நிற்கக்கூடிய அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது கல்சுவர் அல்ல. ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டுக்கொண்ட ஓர் எண்.

1996 நவம்பர் 12. மாலை மணி ஆறரையைத் தாண்டியிருந்தது. தில்லியிலிருந்து சவுதி அரேபிய ஏர்லைன்ஸின் 763-ஆம் எண் விமானம் புறப்பட்டது. போயிங் 747. உள்ளே 312 பேர். அவர்களில் பலர் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகும் நம் நாட்டுத் தொழிலாளிகள். நம் பக்கத்திலும் அப்படிப் போகாத தெரு ஏது? அதே நேரத்தில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து, கஜகஸ்தான் ஏர்லைன்ஸின் 1907-ஆம் எண் விமானம் தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இல்யூஷின் 76. அதில் 37 பேர்.

அந்தக் காலத்தில் தில்லிக்கு வருவதற்கும் அங்கிருந்து போவதற்கும் ஒரே வான்வழிதான். சுற்றியுள்ள வான்பரப்பில் பெரும்பகுதி விமானப் படையின் பயன்பாட்டில் இருந்தது. ரேடாரும் பழைய வகை. விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. உயரத்தை விமானத்தில் இருப்பவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுப்பாட்டாளருக்குப் பாதிக் கண் அவருடைய காதுதான்.

கஜக் விமானத்துக்கு 15,000 அடி வரை இறங்க அனுமதி. சவுதி விமானத்துக்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. அந்த உயரத்திலேயே இருங்கள், மேலே ஏறுவதற்குப் பிறகு சொல்கிறேன் என்று சவுதி விமானத்திடம் சொல்லப்பட்டது. அவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள், சொன்னபடியே இருந்தார்கள். 15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று கஜக் விமானத்திலிருந்தும் சேதி வந்தது. எதிரே ஒரு போயிங் வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்றார் கட்டுப்பாட்டாளர். எத்தனை மைல் என்று கேட்டார்கள். 14 மைல் என்றார். விமானப் பேச்சில் மைல் என்றால் கடல் மைல். 14 என்பது ஏறத்தாழ 26 கிலோமீட்டர். இங்கிருந்து திண்டிவனம் போகும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு. பேருந்தில் முக்கால் மணி நேரம். நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்களுக்கு அது ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே போனது. ஏன்? அந்த விமானி அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். தரையோடு பேசியவர் விமானி அல்லர். சோவியத் காலத்து வழக்கப்படி அதற்கென்று ரேடியோ ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் பேசிக் கேட்டவர் அவர். ஆனால் அவருக்கென்று முன்னால் உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் உயரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயரமானிக்கு முன்னால் இருந்த விமானிக்கு ஆங்கிலம் போதவில்லை. எண் வந்தது அடிக்கணக்கில். அவர்கள் பழகியது மீட்டர் கணக்கு. காது ஒருவரிடம், கண் ஒருவரிடம், கை இன்னொருவரிடம். தரையிலிருந்து போன சொல் விமானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விமானத்துக்குள் இருந்த ஓரிரு முழ தூரத்தைத்தான் அதனால் கடக்க முடியவில்லை.

கடைசி நொடிகளில் ரேடியோ ஆபரேட்டருக்கு உறைத்தது: நாம் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. ஏறச் சொன்னார். விசையை முழுக்கக் கொடுத்தார்கள். விமானம் மேலே எழும்பியது. எழும்பிய அந்த நேரத்தில் அதன் வால் போயிங்கின் இடது இறக்கையை அறுத்தது. இறங்கியபடியே விட்டிருந்தால் அடியில் புகுந்து போயிருக்கக்கூடும். அப்போது அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானப் படையின் சரக்கு விமானத்திலிருந்து, மேகத்துக்குள் பெரிய தீ வெளிச்சம் தெரிகிறது என்று தில்லிக்குச் சேதி வந்தது. ரேடார் திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகி, அந்த ஒன்றும் மறைந்துவிட்டது. கட்டுப்பாட்டாளர் இரண்டு விமானங்களையும் கூப்பிட்டுப் பார்த்தார். ஹரியானாவில் சர்க்கி தாத்ரியைச் சுற்றியுள்ள வயல்களில் 349 உடல்கள் கிடந்தன. வானில் இரு விமானங்கள் மோதியதில் இத்தனை பேர் இறந்தது அதற்கு முன்பும் இல்லை, இன்றுவரையும் இல்லை.

நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான ஆணையம் விசாரித்தது. பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர் அவர். அனுமதித்த உயரத்துக்குக் கீழே கஜக் விமானம் இறங்கியதே காரணம் என்றும், அதற்குப் பின்னால் ஆங்கிலம் போதாமையும், விமானி அறைக்குள் ஒருவரோடு ஒருவர் ஒத்துழைத்து வேலை செய்யாததும் இருந்தன என்றும் ஆணையம் சொன்னது. அதன் பிறகு தில்லியில் வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வழி வந்தது. உயரத்தையும் காட்டும் ரேடார் வந்தது. எதிரே விமானம் வந்தால் விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கும் டீகாஸ் என்ற கருவி கட்டாயமானது. இன்று நீங்கள் விமானத்தில் போனால் உங்களைக் காப்பதில் அந்த 349 பேருக்கும் பங்கு உண்டு.

இப்போது, திருப்பிச் சொல்வது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் அதை ரீட்பேக் என்போம். ஒரு விமானத்தை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு இறங்கச் சொன்னால், விமானி 'சரி' என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. அந்த எண்ணையும் தன் விமானத்தின் பெயரையும் சேர்த்துத் தன் வாயால் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தான் சொன்னதுதான் திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்காதீர்கள். நம் களத்தில் நெல் அளந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்பார்கள். லாபம், லாபம், லாபம் என்று, அடுத்த மரக்கால் விழுகிறவரை அளப்பவர் அதையே பாடிக்கொண்டிருப்பார். பிறகு ரெண்டு, ரெண்டு, ரெண்டு. எங்கள் களத்தில் எதிரே நிற்பவரும் அதையே சொல்லிக்கொண்டு கரித்துண்டால் சுவரில் கோடு போடுவார். கொடுப்பவர் வாயிலும் வாங்குபவர் வாயிலும் ஒரே எண் இருந்தால்தான் மூட்டை கட்டப்படும். ரயில்வேயிலும் இப்படி உண்டு. ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்திலிருந்து வண்டி வரச் சம்மதம் தரும்போது, தம்மிடமுள்ள தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். கேட்டவர் அதை எழுதி வைத்துக்கொள்வார். பேச்சு காற்றோடு போகாமல் ஒரு தடயம் விட்டுப் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

எண்ணைத் திருப்பிச் சொன்னால் மட்டும் போதுமா? மலேசியாவில் நம் தமிழர்கள் நிறைய வாழும் சிலாங்கூர் மாநிலத்தில், கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், 1989 பிப்ரவரி 19 அன்று நடந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம், போயிங் 747. 2400 அடிக்கு இறங்கு என்று சொல்ல வேண்டிய கட்டுப்பாட்டாளர், எண்களைத் தனித்தனியாக, 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றார். ஆங்கிலத்தில் 'டூ' என்றால் இரண்டு. இன்ன உயரத்'துக்கு' என்பதற்கும் அதே ஒலிதான். விமானியின் காதில் 'நானூறுக்கு' என்று விழுந்தது. அவர் திருப்பியும் சொன்னார்: "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ." முன்னால் இருந்த அந்த 'டூ' அதில் இல்லை. இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. விமானம் 400 அடியை நோக்கி இறங்கி மலைச்சரிவில் மோதியது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். ரீட்பேக் நடந்தது. ஆனால் அதைக் கேட்கும் வேலை நடக்கவில்லை.

களத்துமேட்டில் சித்தப்பா சொன்ன வார்த்தையை இப்போது சொல்கிறேன். "அவரு திருப்பிச் சொல்லுவாரு" என்று நான் சொன்னதும் அவர் சொன்னார்: "அப்ப நீயும் நல்லாக் கேக்கணுமேப்பா."

எனக்கு அது புரிந்த இரவு ஒன்று உண்டு. எந்த ஊர், எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். தவறு என்னுடையது. விடிகாலை மூன்று மணி இருக்கும். இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானத்துக்கு 11,000 அடி கொடுத்தேன். நாங்கள் அதை 'ஒன் ஒன் ஜீரோ' என்போம். விமானி திருப்பிச் சொன்னார். அந்த நேரத்தில் பக்கத்து நிலையத்திலிருந்து தொலைபேசி அடித்தது. கை அதை எடுக்கப் போனது. வாய் வழக்கம்போல் சரி என்று சொல்லிவிட்டது. என் காது என்ன கேட்டது தெரியுமா? நான் சொன்னதையேதான் கேட்டது. எதிர்பார்த்தது எதுவோ அதுவே காதில் விழும். பக்கத்தில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்காது. அவர் என் முழங்கையைத் தொட்டார். "சார், அவர் ஒன் ஜீரோ ஜீரோன்னு சொன்னாரு சார்."

10,000 அடி. அந்த உயரத்தில் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு விமானியைக் கூப்பிட்டேன், திருத்தினேன், அவர் 11,000 அடியிலேயே நிறுத்தினார். மறுநாள் எந்தச் செய்தித்தாளிலும் ஒரு வரி வரவில்லை. விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் என் முழங்கையில் அந்த விரல்கள் பட்ட இடம் இன்றும் எனக்குத் தெரியும். 100, 110 என்ற இந்த இரண்டு எண்களால் இப்படிப்பட்ட தடுமாற்றம் உலகம் முழுவதும் நடந்தது. அதனால்தான் இப்போது 10,000 அடியை 'ஒன் ஹண்ட்ரட்' என்று முழுசாகச் சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது. நான் அடிக்கடி யோசிப்பது வேறொன்று. அந்தப் பெண், 'பெரியவருக்குத் தெரியாததா, நமக்கேன்' என்று பேசாமல் இருந்திருந்தால்?

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1977 மார்ச் 27. அட்லாண்டிக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு. லோஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போக வேண்டிய விமானங்கள் எல்லாம் இந்தச் சின்ன நிலையத்தில் வந்து அடைந்துகிடந்தன. மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு நாட்டின் கே.எல்.எம். விமானம் கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில், பனிக்குள், அமெரிக்காவின் பான் ஆம் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டாளருக்கு இரண்டும் தெரியவில்லை. ஒருவருக்கொருவரும் தெரியவில்லை. எல்லாருக்கும் காதுதான் கண்.

கிளம்பிய பின் போக வேண்டிய வழியைக் கட்டுப்பாட்டாளர் சொன்னார். அது வழிக்கான அனுமதி. கிளம்புவதற்கான அனுமதி அல்ல. கே.எல்.எம். துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, 'நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்' என்ற பொருளில் ஒன்றைச் சொன்னார். கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். தாய்மொழியில் நினைத்து ஆங்கிலத்தில் பேசியவர் அவர். கேட்டவர் ஸ்பானியர். அவர் முதல் பொருளை எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். சற்று இடைவெளி விட்டு, "பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானத்திலிருந்து, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார்கள். ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இரண்டும் கெடும். கீச்சென்று ஓர் இரைச்சல் மட்டும் வரும். கே.எல்.எம். விமானி அறையில் தெளிவாக விழுந்தது 'ஓகே' மட்டும்தான்.

விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பொறியாளருக்குச் சந்தேகம். அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்திலேயே பெயர் பெற்ற மூத்த விமானி. அதற்கு மேல் பொறியாளர் எதுவும் சொல்லவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'சரிங்க' என்கிறோம்? 'சரிங்க' என்றால் கேட்டேன் என்று பொருள். புரிந்தது என்றா? சம்மதம் என்றா? செய்கிறேன் என்றா? சொல்பவருக்கு ஒன்று, கேட்பவருக்கு ஒன்று. பெரியவர் பேசும்போது குறுக்கே கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் வாயை மூடிக்கொண்டு 'சரிங்க' சொல்வதுதான் மரியாதை என்று ஆகிவிட்டால், பெரியவரைத் தவறிலிருந்து காப்பாற்ற ஆளே இருக்க மாட்டார்கள்.

நமக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சிங்கவரம். பள்ளிகொண்ட அரங்கநாதர். செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் போருக்குப் புறப்படும்முன் அவரிடம் உத்தரவு கேட்கப் போனான் என்றும், போக வேண்டாம் என்பதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், அவன் கேளாமல் போனான் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். 1714-இல், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி, மிக இளம் வயதில் அவன் மாண்டது வரலாறு. முகம் திரும்பியது மக்கள் சொல்லும் கதை. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டெனரிஃப் நினைவு வருகிறது. குதிரை மேல் ஏறும்முன்பே அவன் மனம் போர்க்களத்துக்குப் போய்விட்டது. அந்த மூத்த விமானிக்கும் அப்படித்தான். பனி இறங்குகிறது, பணி நேரத்தின் வரம்பு நெருங்குகிறது, கிளம்பியாக வேண்டும். மனம் முன்னால் புறப்பட்டுவிட்டால், 'வேண்டாம்' என்று எத்தனை பேர் சொன்னாலும் காதில் ஏறாது.

கேட்பவர் பிழை இப்படி என்றால், சொல்பவர் பிழை ஒன்று உண்டு. 1990 ஜனவரி 25. கொலம்பியா நாட்டின் ஏவியாங்கா 52-ஆம் எண் விமானம் நியூயார்க் வந்தது. மோசமான வானிலை. அங்கங்கே நிறுத்தி வானத்திலேயே வட்டமடிக்க வைத்தார்கள். மொத்தம் ஒரு மணி 17 நிமிடம். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. 'எங்களுக்கு முன்னுரிமை வேண்டும்' என்றார்கள். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் அவசரநிலை என்ற அந்த ஒரு சொல்லை, 'மேடே' என்ற சொல்லை, அவர்கள் வாய் சொல்லவே இல்லை. முதல் முறை இறங்க முடியாமல் மேலே ஏறிச் சுற்றி வரும்போது, இந்தச் சுற்று உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் பரவாயில்லையா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். பரவாயில்லை என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் வந்தது. சில நிமிடங்களில் இன்ஜின்கள் நின்றன. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த இடத்தில் தீப்பிடிக்கவில்லை. எரிய எண்ணெய் இல்லை.

'மிக்க நன்றி' என்று சொல்லிவிட்டு விழுந்த அந்த விமானத்தை நினைத்தால் என் நெஞ்சு அடைக்கிறது. அது நம் குணம். வயிறு காய்ந்திருக்கும், 'சாப்பிட்டாச்சு' என்போம். மருத்துவர் 'வலி எப்படி இருக்கு' என்பார், 'பரவால்லைங்க' என்போம். பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற நல்ல மனம்தான் அது. ஆனால் அபாயத்தில் இருப்பவர் அடக்கமாகப் பேசினால், அபாயமும் அடக்கமாகத்தான் தெரியும்.

எங்கள் சொற்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டவை; சில, இந்தச் சாவுகளுக்குப் பின். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக் கூடாது. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ரோஜர்' என்றால் நீங்கள் சொன்னது முழுவதும் கேட்டது என்று மட்டுமே பொருள்; சம்மதம் என்று பொருள் இல்லை. 'வில்கோ' என்றால் கேட்டேன், செய்வேன். முடியாது என்றால் 'அனேபிள்'. அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்கவில்லை என்றால் 'சே அகெய்ன்'. எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒன்பதை 'நைனர்' என்போம், ஐந்தை 'ஃபைஃப்' என்போம்; இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. பன்னாட்டு விமானங்களின் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வைத்து, ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும் என்ற விதி 2008 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் சர்க்கி தாத்ரியும் ஒன்று.

தமிழர்களாக நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. "சாப்பிடலையா?" என்று கேட்டால் நாம் "ஆமா, சாப்பிடல" என்போம். ஆங்கிலக்காரர் அதே கேள்விக்கு "இல்லை" என்று தொடங்குவார். இரண்டும் ஒரே பொருள்; முதல் சொல் நேர் எதிர். "இன்னும் இறங்கவில்லையா?" என்ற கேள்விக்கு 'யெஸ்' என்று பதில் வந்தால் விமானம் எங்கே இருக்கிறது? அதனால் இல்லை, அல்ல என்று எதிர்மறையில் கேள்வி கேட்காதே என்று எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்று நேராகக் கேள். எண் பதிலாக வரட்டும்.

இனி எல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கலாம். வங்கக்கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களோடு சென்னை மையம் இப்போது எழுத்துச் செய்தியாகவும் பேசுகிறது. காது குழம்புவதற்கு வழி குறைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, ரஷ்யப் பயணிகள் விமானம் ஒன்றுக்கு டீகாஸ் கருவி 'ஏறு' என்றது. கட்டுப்பாட்டாளர் 'இறங்கு' என்றார். எதிரே வந்த சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி இறங்கியது. ரஷ்ய விமானி மனிதர் சொன்னதைக் கேட்டு இறங்கினார். 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குப் போன பள்ளிப் பிள்ளைகள். அப்படிப்பட்ட நேரத்தில் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு உறுதியானது. கருவி வந்தாலும், யார் சொல்வதை யார் கேட்பது என்ற பேச்சை மனிதர்கள்தான் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் விமானம் ஓட்டப்போவதில்லை. ஆனால் மருந்துக் கடையில் 'காலையில அரை, ராத்திரி ஒண்ணு' என்று சொல்லும்போது, வாங்கும் பாட்டி அதைத் திருப்பிச் சொல்கிறாரா என்று யார் கேட்கிறோம்? மின்கம்பத்தில் ஏறியவர் மேலே இருக்க, கீழே இருப்பவர் 'லைன் ஆஃப் பண்ணியாச்சு' என்று கேட்டது யார் வாயிலிருந்து, எந்த லைனைப் பற்றி? 'கையெழுத்துப் போடுங்க' என்றதும் போடும் அப்பா, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தன் வார்த்தையில் சொல்வாரா? இதில் ஒவ்வொன்றிலும் ஓர் ஓடுபாதை இருக்கிறது. அதில் கொஞ்சம் பனியும் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். வகுப்பு முழுவதும் 'புரிஞ்சுது சார்' என்று ஒரே குரலில் சொல்லும். அது டெனரிஃபில் கேட்ட 'ஓகே'தான். என்ன புரிந்தது, சொல் என்று கேளுங்கள். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. 'புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க' என்று கேட்க வெட்கப்படாதீர்கள். உலகத்தின் மிகப் பெரிய விமானத்தை ஓட்டுகிறவர்கள் ஒரு நாளில் பல முறை அதைக் கேட்கிறார்கள். பெரியவர்கள் தவறாகச் சொல்வது காதில் விழுந்தால் முழங்கையைத் தொடுங்கள். அதனால் பெரியவர் சிறியவராகிவிட மாட்டார். என்னை ஒரு பெண் அப்படித் தொட்டதால்தான் நான் நிம்மதியாக ஓய்வு பெற்று இங்கே வந்து நிற்கிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. சவுதி விமானத்தில் இருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டார்கள், சரியாகத் திருப்பிச் சொன்னார்கள், சொன்ன உயரத்தில் இருந்தார்கள். தில்லிக்கு அவர்கள் கடைசியாகச் சொன்னது, 140-லேயே, அதாவது 14,000 அடியிலேயே இருக்கிறோம் என்பதுதான். இருந்தார்கள். வேறொரு விமானி அறைக்குள் ஒரு சொல் சேராமல் போனது, இவர்கள் இறந்தார்கள். அதனால்தான் இதை ஊர் கூடிப் பேச வேண்டும் என்று நினைத்தேன். நான் சரியாகக் கேட்டேன், என் கடமை முடிந்தது என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது. பக்கத்தில் இருப்பவருக்குச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் நம் வேலைதான்.

இவ்வளவு நேரம் நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். என்ன சேர்ந்தது என்பது எனக்குத் தெரியாது. வழக்கமாகக் கூட்டம் முடிந்ததும் கைதட்டுவீர்கள். அதற்கு முன், முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் எழுந்து, உங்கள் வார்த்தையில், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். நான் இங்கேயே நிற்கிறேன். நல்லாக் கேட்கிறேன்.